நாய் இனிப்பைத் தின்றுவிட்டால்: யாழ்ப்பாண வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

நல்லூர்க் கொடியேற்றம் நெருங்கிவிட்டால் எங்கள் வீட்டு விறாந்தையில் பயணப்பெட்டிகள் சேரத் தொடங்கிவிடும். கனடாவிலிருந்தும் சுவிசிலிருந்தும் வரும் உறவினர்கள் ஊரவர்களுக்குக் கொடுக்கவென்று கொண்டுவரும் சொக்லேட்டும் சுவிங்கமும் ரொபியும் அந்தப் பெட்டிகளுக்குள்தான் இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன்பு அப்படியொரு நாளில், எல்லோரும் மாலைத் திருவிழாவுக்குப் போயிருந்த வேளையில், வீமன் என்ற எங்கள் நாய் மூடாமல் விட்ட ஒரு பெட்டிக்குள் தலையை நுழைத்துவிட்டது. நாங்கள் திரும்பி வந்தபோது விறாந்தையில் கிழிந்த வெள்ளித்தாளும், பாதி மட்டும் மிஞ்சிய கறுப்புச் சொக்லேட் கட்டியும், மேசையிலிருந்து இழுத்து விழுத்தப்பட்ட பனங்கட்டிக் குட்டானின் (பனங்கட்டி அடைத்த சிறு ஓலைப்பெட்டியின்) விளிம்பு ஒன்றும் கிடந்தன. அம்மா உடனே சத்தி (வாந்தி) எடுக்கவைப்பதற்காகப் புளி கரைக்கத் தொடங்கினார். பக்கத்து வீட்டு அண்ணர் உப்புத்தண்ணீர் பருக்கச் சொன்னார். நான் மிருக வைத்தியரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் கேட்டவை மூன்று கேள்விகள்: என்ன தின்றது, எவ்வளவு தின்றது, எப்போது தின்றது. மூன்றுக்கும் என்னிடம் சரியான விடை இருக்கவில்லை. அந்த விடைகளைத் தேடிக் கழிந்த நிமிடங்களை வேறொரு வீட்டார் இழக்கக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். நாய்க்கு நஞ்சாவது பெரும்பாலும் சீனி அன்று. சீனியோடு சேர்ந்து வருபவையே நஞ்சாகின்றன. கொக்கோ, சீனிக்குப் பதிலாகச் சேர்க்கப்படும் சைலிட்டோல், நாம் பிளம்ஸ் என்று சொல்லும் முந்திரிகை வற்றல் (உலர்ந்த திராட்சை), புளி ஆகிய நான்கையும் நினைவில் வைத்துக்கொண்டால், எந்த இனிப்புக்குப் பதற வேண்டும், எதற்குப் பொறுத்துப் பார்க்கலாம் என்பது பெருமளவு விளங்கிவிடும்.

முதல் ஐந்து நிமிடங்கள்

நாய் இன்னும் தின்றுகொண்டிருந்தால் அதன் வாயிலிருந்து பறிக்கப் பாயாதீர்கள். பறிக்க வருகிறார்கள் என்று உணர்ந்த நாய் மெல்லாமல் உறையோடு விழுங்கிவிடும். ஒரு துண்டு மீனையோ இறைச்சியையோ காட்டி அதை வேறு அறைக்கு அழைத்துச் சென்று கதவைச் சாத்திய பின்னர், நிலத்தில் கிடப்பவற்றைச் சேகரியுங்கள். வளவில் இரண்டு மூன்று நாய்கள் இருந்தால், காணாமற்போன முழு அளவையும் ஒவ்வொரு நாயும் தின்றிருக்கலாம் என்று வைத்துத்தான் கணக்கிட வேண்டும்; எது குற்றவாளி என்று முகத்தைப் பார்த்து முடிவு செய்ய இயலாது.

அடுத்து மூச்சைக் கவனியுங்கள். கடினமான ரொபியோ கச்சான் அல்வாத் துண்டோ தொண்டையில் சிக்கியிருந்தால் நாய் முன்காலால் வாயைப் பிறாண்டும், கழுத்தை நீட்டி இழுத்து மூச்செடுக்கும், நாக்கு நீலம் பாரிக்கும். வாயைத் திறந்து பார்த்து, பொருள் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் விரல்களால் பக்கவாட்டிலிருந்து கொளுவி எடுங்கள். தெரியாத ஒன்றைத் துழாவினால் அது இன்னும் உள்ளே போய்விடும். எடுக்க முடியாவிட்டால், சிறிய நாயைப் பின்கால்களும் இடுப்பும் மேலே வரும்படி தலைகீழாகப் பிடித்து, தோள்களுக்கு நடுவே உள்ளங்கையால் நாலைந்து முறை தட்டுங்கள். பெரிய நாயாயின் பின்னால் நின்று, விலா எலும்புகள் முடியும் இடத்துக்குச் சற்றுக் கீழே இரு கைகளையும் கோத்து, உள்ளேயும் முன்னேயுமாகச் சட்டென்று அழுத்துங்கள்.

இங்கே மிகுந்த கவனத்தோடு சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. விசர்நாய் நோய் நம் நாட்டிலிருந்து இன்னும் ஒழியவில்லை. வாயில் நுரை தள்ளுதல், தள்ளாடுதல், விழுங்க முடியாமை, வலிப்பு ஆகியவை நஞ்சுண்ட நாயிடமும் தோன்றும், விசர் பிடித்த நாயிடமும் தோன்றும். ஆகவே தடுப்பூசி போடப்பட்டதா என்று தெரியாத நாயின் வாய்க்குள், அது தெருநாயாயினும் நீங்கள் சோறு வைக்கும் நாயாயினும், வெறுங்கையை விடாதீர்கள். கடியோ பற்கீறலோ பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடங்கள் கழுவிவிட்டு, அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

மூச்சில் தடை இல்லையென்றால் உதட்டைத் தூக்கி முரசை (பல் ஈறை) பாருங்கள். நலமாக உள்ள நாயின் முரசு இளஞ்சிவப்பாகவும் ஈரமாகவும் இருக்கும். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் சிவக்கும். சில நாய்களுக்கு முரசு இயல்பாகவே கறுப்பாக இருக்கும், அவற்றுக்குக் கீழிமையின் உட்பக்கத்தைப் பாருங்கள். பின்தொடையின் உட்புறத்தில் இரண்டு விரல்களை வைத்தால் நாடி தட்டுப்படும். பதினைந்து விநாடிக்கு எண்ணி நான்கால் பெருக்கிக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் அரைமணிக்கு ஒருமுறை எண்ணும் எண்ணிக்கையோடு ஒப்பிட இந்த முதல் எண்ணிக்கைதான் உதவும்.

உறை, எண்ணிக்கை, நேரம், எடை

கிழிந்த உறைகள் எல்லாவற்றையும், வாளிக்குள் போனவை உட்பட, ஒரு பையில் சேருங்கள். வைத்தியரிடம் கொண்டுபோகும் பொருள்களில் நாய்க்கு அடுத்தபடியாக முக்கியமானது இந்தப் பைதான். உறையின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் உள்ள சேர்மானப் பட்டியலே நமக்கு வேண்டியது. அதைப் படம் பிடித்துக்கொண்டால், தொலைபேசியில் அனுப்பி வைத்தியருக்கு நேரடியாகக் காட்டலாம். பெட்டியில் முதலில் எத்தனை இருந்தன, பிள்ளைகள் எத்தனை எடுத்தார்கள், இப்போது எத்தனை மிஞ்சியுள்ளன என்று கேட்டுக் கணக்குப் பாருங்கள். பிள்ளைகள் ஏச்சுக்குப் பயந்து எண்ணிக்கையைக் குறைத்தோ கூட்டியோ சொல்வார்கள். முதலில் அவர்களை ஏசமாட்டோம் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, நாய் தின்றதை யாரும் காணவில்லையென்றால், பொருள் பத்திரமாக இருந்ததைக் கடைசியாகப் பார்த்த நேரத்தையே தின்ற நேரமாகக் கொள்ளுங்கள். எடைக்கு, வீட்டில் ஆள் நிறுக்கும் தராசு இருந்தால் நாயைத் தூக்கிக்கொண்டு ஒருமுறையும் தனியாக ஒருமுறையும் ஏறி வித்தியாசத்தை எடுக்கலாம். தராசு இல்லாவிட்டால் ஒரு மதிப்பீடு போதும்: பொமேரியன் போன்ற குட்டை நாய் 3 முதல் 5 கிலோ, நமது ஊர்நாய் பெரும்பாலும் 12 முதல் 18 கிலோ, வளர்ந்த அல்சேசன் 22 முதல் 40 கிலோ.

எது ஆபத்து, எது அவ்வளவு ஆபத்தில்லை

முதலில் நமது சொந்தப் பலகாரங்களைப் பார்த்துவிடலாம். பனங்கட்டி, கற்கண்டு, எள்ளுப்பாகு, பயற்றம் பணியாரம், பனாட்டு, தும்பு முட்டாசு ஆகியவற்றில் நாய்க்கு நஞ்சான பொருள் பொதுவாக இல்லை. கொஞ்சம் தின்றால் வயிற்றால் போகலாம், அவ்வளவுதான். தொதல், அரியதரம், நெய் கூடிய லட்டு, மஸ்கெட் ஆகியவற்றில் கொழுப்பு அதிகம் என்பதால், கூடுதலாகத் தின்ற நாய்க்கு ஒன்றிரண்டு நாட்களின் பின் கணைய அழற்சி தோன்றக்கூடும். மீண்டும் மீண்டும் சத்தி எடுத்து, முன்கால்களை நீட்டி நெஞ்சைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கி நிற்கும் நாய்க்கு வயிற்றில் கடும் நோவு இருக்கிறது என்று பொருள். அதற்கு வைத்தியர் வேண்டும். பனங்கட்டியில் வேறொரு சிக்கல் உண்டு. மணம் ஏறிய குட்டானை நாய் ஓலையோடு மென்று விழுங்கிவிடும். அந்த ஓலை குடலில் எளிதில் செமிக்காது. இதைப் பின்னர் பார்ப்போம்.

அடுத்தது சொக்லேட், ஊர்ப் பேச்சில் கண்டோஸ். கொக்கோவில் உள்ள தியோபுரோமினும் கபீனும்தான் இங்கே நஞ்சு. மனித உடல் தியோபுரோமினை நாயைவிட வேகமாகக் கழித்துவிடும். நாயின் உடலில் அதன் பாதி அளவு குறைவதற்கே ஏறத்தாழப் பதினேழரை மணி நேரம் செல்லும். அதனால்தான் பிள்ளைக்கு ஒன்றும் செய்யாத ஒரு கட்டி, நாயின் இதயத்தை இரண்டு நாட்களுக்கு விடாமல் துரத்துகிறது. ஒரு கிலோ உடல் எடைக்கு 20 மில்லிகிராம் அளவில் சத்தி, வயிற்றுப்போக்கு, அமைதியின்மை, மிகுந்த தாகம் ஆகியவை தோன்றும். 40 முதல் 50 மில்லிகிராமில் இதயத் துடிப்புப் பாதிக்கப்படும். 60 மில்லிகிராமைத் தாண்டினால் வலிப்பு வரலாம்.

கணக்கு எளிது. பால் சொக்லேட்டில் கிராமுக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம், கறுப்புச் சொக்லேட்டில் 5 மில்லிகிராமும் கொக்கோ விழுக்காடு கூடக் கூட அதற்கு மேலும், கேக்குக்குப் போடும் சீனி சேராத கொக்கோத் தூளில் 20 மில்லிகிராமுக்கு மேலும் நஞ்சு இருக்கும். வெள்ளைச் சொக்லேட்டில் இது மிகச் சொற்பம். அதில் பயப்பட வேண்டியது கொழுப்புக்குத்தான். 10 கிலோ நாய் 100 கிராம் பால் சொக்லேட்டைத் தின்றால், 200 மில்லிகிராமை 10 ஆல் வகுக்கக் கிலோவுக்கு 20 வரும். இலேசான குறிகள் தொடங்கும் எல்லை அது. அதே நாய் 100 கிராம் கறுப்புச் சொக்லேட்டைத் தின்றால் 50 வரும். இதயத்துக்கு ஆபத்தான எல்லை. பிறந்தநாள் கேக் செய்யும் வீட்டில் திறந்து வைத்த கொக்கோத் தூளில் 25 கிராமே அந்த எல்லைக்குப் போதும். குறிகள் பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரத்துக்குள் தோன்றும் என்பதால், தின்று ஒரு மணி நேரமாகியும் நாய் வாலாட்டிக்கொண்டு நிற்கிறது என்று ஆறுதல் அடைய வேண்டாம்.

சைலிட்டோல் இவை எல்லாவற்றிலும் வேகமானது. எனக்கு மிகவும் அச்சம் தருவதும் இதுதான். சலரோகம் (நீரிழிவு) உள்ள முதியவர் இல்லாத வீடு நம்மிடையே குறைவு. அவர்களுக்கென்று வெளிநாட்டிலிருந்து வரும் சீனியில்லாத சுவிங்கம், வாய்மணக்கும் மின்ட் இனிப்பு, மெல்லும் விற்றமின் குளிசை ஆகியவற்றில் இது இருக்கலாம். சில பற்பசைகளிலும் உண்டு. சேர்மானப் பட்டியலில் xylitol என்ற ஆங்கிலச் சொல்லையோ, E967 என்ற குறியீட்டையோ தேடுங்கள். சோபிட்டோல், மல்ரிட்டோல், எரித்ரிட்டோல், அஸ்பார்ட்டேம் போன்ற மற்றைய பதிலீடுகள் நாய்க்கு இத்தகைய ஆபத்தைத் தருவதில்லை. ஆகவே 'சீனியில்லாதது' என்ற ஒரு சொல்லைக் கண்டதும் முடிவு கட்டாமல் பட்டியலை முழுமையாக வாசியுங்கள்.

மனிதரிடம் அமைதியாக இருக்கும் சைலிட்டோல், நாயின் கணையத்திலிருந்து இன்சுலினைப் பெருமளவு சுரக்கச் செய்கிறது. இரத்தத்தில் சீனி சட்டென்று விழுந்துவிடுகிறது. கிலோவுக்கு ஏறத்தாழ 0.1 கிராம் போனாலே இது நிகழும், 0.5 கிராமைத் தாண்டினால் ஈரலும் செயலிழக்கலாம். ஒரு சுவிங்கத் துண்டில் கால் கிராமிலிருந்து ஒரு கிராம் வரை இருக்கக்கூடும் என்பதால், 5 கிலோ நாய்க்கு ஒன்றிரண்டு துண்டுகளே போதும். தள்ளாட்டம், சோர்வு, சத்தி, நடுக்கம், மயக்கம், வலிப்பு என்ற வரிசையில் அரைமணி நேரத்துக்குள்ளேயே குறிகள் தொடங்கலாம். சில வேளைகளில் பல மணி நேரம் தாமதித்தும் வரும். இங்கே காத்திருந்து பார்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை, நாயை உடனே வண்டியில் ஏற்ற வேண்டும்.

சலரோகக்காரர் உள்ள வீட்டில் சீனி பார்க்கும் கருவியும் இருக்கும். வைத்தியர் சொன்னால் அதைக் கொண்டே நாயின் காது மடலின் ஓரத்தில் குத்திப் பார்க்கலாம். மனிதருக்கான கருவி நாயின் அளவைச் சற்றுக் குறைத்துக் காட்டும் இயல்புடையது. ஆயினும் 60 mg/dLக்குக் கீழே காட்டினால் அதை நம்பி நடவடிக்கை எடுக்கலாம். நாய் தள்ளாடினால், நினைவோடு இருக்கும்வரை தேனையோ குழைத்த சீனியையோ சிறிதளவு விரலில் எடுத்து முரசில் தேய்த்தபடி பயணத்தைத் தொடருங்கள். இனிப்பு தின்றதற்கு இனிப்பா என்று வீட்டார் தடுப்பார்கள்; இந்த ஒரு நிலையில் சீனிதான் முதலுதவி. நினைவிழந்த நாயின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மெல்லத் தேய்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பிளம்ஸ். பொங்கலிலும் பாயசத்திலும் கஜுவோடு போடுகிறோம். நத்தாருக்குச் செய்யும் ரிச் கேக்கில் அதைவிடக் கூடுதலாகப் போடுகிறோம். பிளம்ஸ் பதித்த சொக்லேட்டும் உண்டு. தைப்பொங்கலன்று மிஞ்சிய பொங்கலை நாய்க்கு வைக்காத வீடு எது? முந்திரிகைப் பழமும் அதன் வற்றலும் சில நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கின்றன. கிலோவுக்கு ஏறத்தாழ 3 கிராம் வற்றலே பாதிப்பை ஏற்படுத்திய நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. ஒரு நாய் கைப்பிடியளவு தின்றும் தப்பும், இன்னொன்று அதைவிடக் குறைவில் விழும் என்பதால், பாதுகாப்பான அளவு என்று எதையும் மிருக வைத்தியர்கள் வகுப்பதில்லை. பல காலமாகக் காரணம் தெரியாதிருந்த இந்தச் சிக்கலுக்கு, பழத்தில் உள்ள தார்த்தாரிக் அமிலம்தான் காரணம் என்ற கருத்தை அமெரிக்க மிருக வைத்தியர்கள் 2021இல் முன்வைத்தனர். அதே அமிலம் நிறைந்த புளியைத் தின்ற நாய்களிலும் அதே வகைச் சிறுநீரகப் பாதிப்பு காணப்பட்டது 2022இல் வெளியான ஆய்வில் விவரிக்கப்பட்டுள்ளது. உரும்பிராய், கோண்டாவில் பக்கத்து முந்திரிகைத் தோட்டங்களுக்கு அருகே வாழ்வோரும், சீனியும் தூளும் சேர்த்து உருட்டிய புளி உருண்டைகளைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்போரும் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

வீட்டு வைத்தியம் என்ற பெயரில் செய்யக்கூடாதவை

அன்று அம்மா கரைத்த புளியை வைத்தியர் தொலைபேசியிலேயே நிறுத்தச் சொன்னார். காரணத்தை மேலே சொல்லிவிட்டேன்: சத்திக்கென்று பருக்கும் புளியே இரண்டாவது நஞ்சாகிவிடக்கூடும். உப்புத்தண்ணீர் அதைவிட மோசமானது. சத்தி வராமல் உள்ளே தங்கிய உப்பு இரத்தத்தில் சோடியத்தைக் கூட்டி, மூளை வீங்கி வலிப்பு வருமளவுக்குக் கொண்டுபோகும். இனிப்பில் தப்பியிருக்க வேண்டிய நாயை உப்பு கொன்றுவிடும். தொண்டைக்குள் விரலை விடுவதால் நாய்க்குச் சத்தி வருவதில்லை, உங்களுக்குக் கடிதான் கிடைக்கும். சவர்க்காரத் தண்ணீர், நல்லெண்ணெய், பச்சை முட்டை ஆகியவற்றை வலிந்து பருக்கும்போது அவை மூச்சுக்குழாய்க்குள் போய் நுரையீரலைக் கெடுக்கும். பால் நஞ்சை முறிக்கும் என்பதும் தவறு. சிரட்டைக்கரியை இடித்துக் கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வைத்தியர்கள் பயன்படுத்தும் கரி, நுண்துளைகள் உண்டாகும்படி தனிமுறையில் தயாரிக்கப்படுவது. அடுப்புக்கரி அந்த வேலையைச் செய்யாது. சைலிட்டோலுக்கு அந்த மருத்துவக் கரியும் பெரிதாக உதவுவதில்லை.

அப்படியானால் சத்தி எடுக்கவைக்கவே கூடாதா? எடுக்கவைக்கலாம், ஆனால் முடிவு வைத்தியருடையது. தின்று இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் பலன் கூடுதல். சொக்லேட் வயிற்றில் உருகிக் கட்டியாகத் தங்குவதால் அதற்குப் பின்னரும் ஓரளவு பலன் கிடைக்கலாம். வைத்தியர் ஊசி மருந்தால் இதைப் பாதுகாப்பாகச் செய்வார். வைத்தியரை அடையவே முடியாத இடத்தில், 3 விழுக்காட்டு ஐதரசன் பேரொட்சைட்டைக் குறித்த அளவில் கொடுக்குமாறு அவரே தொலைபேசியில் சொல்லலாம். எவ்வளவு பெரிய நாயாயினும் அது 45 மில்லிலீற்றரைத் தாண்டக்கூடாது. அதைவிடச் செறிவு கூடிய போத்தல்களும் விற்பனையில் உள்ளன, அவை வயிற்றைப் புண்ணாக்கும் என்பதால் விழுக்காட்டை வாசித்துச் சொல்லாமல் தொடவேண்டாம். தள்ளாடும் நாய், மயங்கிய நாய், வலிப்பு வந்த நாய், பக் போன்ற தட்டை மூக்கு நாய், லொலிபொப் குச்சி போன்ற கூரிய பொருளை விழுங்கிய நாய் ஆகியவற்றுக்குச் சத்தி எடுக்கவைக்க முயலவே கூடாது.

வைத்தியரை அடைதல்

அரச கால்நடை வைத்திய அலுவலகங்கள் அலுவலக நேரத்தில் இயங்குபவை. நாய்கள் இனிப்பைத் திருடுவதோ திருவிழா இரவுகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் போயா நாள்களிலும்தான். எனவே தனியார் மிருக வைத்தியர்கள் இருவரின் எண்களையாவது, அவர்கள் இரவில் பார்ப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டு, தொலைபேசியில் பதிந்து வையுங்கள். இரவில் நாயை ஏற்ற உடன்படும் ஓட்டோக்காரர் ஒருவரின் எண்ணும் அவ்வளவு முக்கியம். நாயைக் கண்டு மறுத்துவிட்டுப் போன ஓட்டோவைப் பார்த்துக்கொண்டு படலையில் நின்ற அனுபவம் எனக்கு உண்டு. நெடுந்தீவில் இருப்பவர்களுக்குக் குறிகட்டுவானை அடையவே ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகுப் பயணம் தேவை. கடைசிப் படகும் போன பிறகு நடந்தால் தொலைபேசி ஆலோசனையே கதி என்பதால், அவர்கள் முன்னரே ஒரு வைத்தியரோடு பேசி, வீட்டில் எதை வைத்திருப்பது, எந்த அளவில் கொடுப்பது என்று எழுதி வைத்திருப்பது நல்லது.

தொலைபேசியில் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லாமல் இப்படிச் சொல்லுங்கள்: "ஐயா, 14 கிலோ ஊர்நாய், ஆண், ஆறு வயது. 70 விழுக்காட்டுக் கறுப்புச் சொக்லேட் 50 கிராமளவு, ஐந்தரை மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் தின்றிருக்கிறது. சத்தி இல்லை, முரசு சிவப்பு, நாடி 120." இதைக் கேட்ட வைத்தியர் அரை நிமிடத்தில் முடிவெடுத்துவிடுவார். வலிப்பு நோய், இதய நோய், குட்டித்தாய்ச்சி போன்ற நிலைகள் இருந்தால் அவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வண்டியில் நாயைப் பக்கவாட்டில் படுக்கவிட்டுத் தலையைச் சற்றுத் தாழ்வாக வையுங்கள். சத்தி எடுக்கும் நாயின் வாயைக் கட்டாதீர்கள். வலிப்பு வந்தால் கையால் அமர்த்திப் பிடிக்காமல், சுற்றியுள்ள கடினமான பொருள்களை அகற்றி, எத்தனை நிமிடம் நீடித்தது என்று பாருங்கள். சத்தியில் வந்ததையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். அருவருப்பாக இருந்தாலும் உறைத்துண்டுகள் எத்தனை வெளியே வந்தன என்று அதில்தான் தெரியும்.

நஞ்சுக்கேற்ப சிகிச்சை மாறும். சொக்லேட்டுக்குக் கரியும் சேலைனும் இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் மருந்தும். சைலிட்டோலுக்குக் குளுக்கோஸ் சேலைனும் அரை நாள் முதல் ஒரு நாள் வரை சீனிக் கண்காணிப்பும் மூன்று நாள் வரை ஈரல் பரிசோதனையும். பிளம்சுக்கும் புளிக்கும் இரண்டு நாள் சேலைனும் சிறுநீரக இரத்தப் பரிசோதனையும் என்பது பொதுவான முறை. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக மருத்துவ பீடத்தில் போதனா வைத்தியசாலை உண்டு. ஆனால் முதல் மணி நேரத்துச் சிகிச்சையை இங்கேயே பெற்று, நாய் நிலைப்பட்ட பின் வைத்தியர் பரிந்துரைத்தால் மட்டுமே அவ்வளவு தூரம் கொண்டுசெல்வது பொருத்தம்.

வீட்டுக்குத் திரும்பிய பின்

வீமனுக்கு அன்றிரவு கணக்குப் பார்த்ததில் கிலோவுக்கு 25 மில்லிகிராம் அளவில் வந்தது. வைத்தியர் ஊசி போட்டுச் சத்தி எடுக்கவைத்து, கரியும் கொடுத்து, இரவு முழுவதும் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார். அது விடியும்வரை படுக்கவில்லை. விறாந்தையில் இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்குமாக நடந்தது. நெஞ்சில் கை வைத்தால் துடிப்பு உள்ளங்கையில் இடித்தது. மணிக்கு ஒருமுறை வளவுக்குள் கூட்டிச் சென்று சிறுநீர் கழிக்கவிட்டோம். தியோபுரோமின் சிறுநீர்ப்பையிலிருந்து மீண்டும் இரத்தத்துக்குள் உறிஞ்சப்படும் தன்மையுடையது என்பதால், இப்படி அடிக்கடி கூட்டிச் செல்வதும் ஒரு சிகிச்சையே. குடிதண்ணீர் எப்போதும் கிடைக்க வேண்டும். சத்தி நின்று சில மணி நேரமான பின் உப்பில்லாமல் குழைய வேகவைத்த சோற்றையும் தோல் நீக்கிய கோழியையும் சிறு சிறு அளவாகக் கொடுக்கலாம்.

சொக்லேட்டுக்கு மூன்று நாள் கவனிப்பு வேண்டும். சைலிட்டோல் தின்ற நாய் முதல் நாள் தேறிவிட்டதுபோல் தோன்றினாலும், இரண்டாம் மூன்றாம் நாளில் கண்வெள்ளையோ முரசோ மஞ்சளிக்கிறதா, தோலில் இரத்தப் புள்ளிகள் தெரிகின்றனவா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பிளம்ஸ் தின்ற நாயிடம் கவனிக்க வேண்டியது சிறுநீர்; முதலில் கூடுதலாகப் போய், பிறகு குறைந்து, நின்றுவிடுமானால் சிறுநீரகம் தோற்றுக்கொண்டிருக்கிறது. பசியின்மையும் வாய்நாற்றமும் அதனோடு வரும். நாய் சாதாரணமாக இருக்கிறதென்று இரண்டாவது இரத்தப் பரிசோதனையைத் தவிர்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன். நாய் சாதாரணமாக இருக்கும்போதே செய்வதில்தான் அந்தப் பரிசோதனையின் பயன் உள்ளது.

உறை, குச்சி, ஓலை ஆகியவற்றை விழுங்கிய நாய்க்கு நான்கைந்து நாட்கள் மலத்தைக் கிளறிப் பார்க்க வேண்டும். தண்ணீர்கூடத் தங்காத சத்தி, மலம் போகாமை, வயிற்றைத் தொட்டால் முனகுதல் ஆகியவை குடல் அடைப்பின் குறிகள். அதற்கு எக்ஸ்ரேயும் சில வேளை அறுவைச் சிகிச்சையும் தேவைப்படும். மலவாயிலில் நாரோ பிளாஸ்டிக்கோ தொங்கினால் இழுக்காதீர்கள். மறுமுனை குடலில் சிக்கியிருந்தால் இழுக்கும் வேகத்தில் குடலே கிழிந்துவிடும். வெளியே தெரிவதை அப்படியே விட்டு வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள். வீமனின் குட்டான் ஓலை மூன்றாம் நாள் காலையில், முடைந்த பின்னல்கூடக் குலையாமல், விரலளவு துண்டாக வெளியே வந்தது. அதைக் குச்சியால் புரட்டிப் பார்த்து, விறாந்தையில் கிடந்த விளிம்போடு பொருத்தி, இன்னும் ஒரு துண்டு மிச்சமிருக்கிறது என்று கண்டுகொண்டோம். அது மறுநாள் வந்தது; அதன் பிறகே அன்றாடச் சாப்பாட்டுக்கு வீமனைத் திருப்பினோம்.